அவனன்றி ஓரணுவும் அசையாது, சரி; அப்படியானால் இயற்பியல் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயிலில் ஞாயிறு காலை சமய வகுப்பு எடுக்கும் தொண்டூழியன் நான். வார நாளில் தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம். இப்படி இரண்டையும் செய்கிற ஆள் என்று தெரிந்துபோனதால் இரண்டு பக்கத்துச் சந்தேகமும் என்னிடம்தான் வந்து சேர்கிறது. அன்னதான வரிசையில் கேட்பார்கள், எம்ஆர்டி ரயிலில் கேட்பார்கள், இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பிலும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, கோயிலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சைவக் குடும்பத்தில் வந்தவன் என்பதால் சித்தாந்த வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

"அவனன்றி ஓரணுவும் அசையாது"ன்னு சொல்லித் தர்றீங்க. எங்க புத்தகத்துல விசைதான் அசைக்குதுன்னு இருக்கு. எது சரி சார்?

இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான பதில் இல்லை. எறிந்த பந்து ஏன் இந்தப் பாதையில் போகிறது என்றால் விசை, நிறை, முடுக்கம் என்று பதில் முடிந்துவிடும். பந்தும் விசையும் விதியும் சேர்ந்த இந்த ஏற்பாடு ஏன் இருக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டால் அது வேறு விசாரணை. சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு அதே வரிசையில் மாயை, சத்தி, இறைவன். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதம் தொடங்குவதே இங்கேதான்: தோன்றி, நின்று, அழிகிற உலகத்துக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்கிறது முதல் சூத்திரம்.

இந்தக் குயவன் உவமையில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். குயவனின் கை மண்ணைத் தொடுகிறது, அந்த அழுத்தத்தை அளக்கலாம். இறைவனின் கை எங்கே தொடுகிறது? சித்தாந்திகள் இதை யோசிக்காமல் விடவில்லை. அவன் கைகால் கொண்டு செய்வதில்லை, சங்கற்பத்தாலேயே, அதாவது நினைப்பாலேயே செய்கிறான், அதனால் அவனுக்கு ஒரு விகாரமும், அதாவது மாற்றமும் இல்லை என்றார்கள். அந்தப் பதில் இன்றைய இயற்பியலுக்கு முன்னால் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் கீழே வருகிற பாதிக் கேள்விகள்.

இது நம்ம சமயத்துக்கு மட்டும் உள்ள தலைவலியா?

இல்லை. பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரரான இமாம் கஸ்ஸாலி, நெருப்பு பஞ்சை எரிப்பதில்லை, நெருப்பு படும்போதெல்லாம் இறைவன்தான் எரியச் செய்கிறான், நாம் விதி என்று சொல்வது அவனுடைய வழக்கம்தான் என்றார். தாமஸ் அக்வினாஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர், இறைவன் முதல் காரணம், இயற்கைப் பொருள்கள் இரண்டாம் நிலைக் காரணங்கள், இரண்டும் முழுமையாகவே வேலை செய்கின்றன, ஒன்றின் பங்கைக் கழித்து மற்றதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றார். இராமானுசர் உலகமே இறைவனின் சரீரம் என்றார். எனக்கு அக்வினாஸ் சொல்வது சித்தாந்தத்துக்கு மிக அருகில் இருப்பதாகப் படுகிறது. நண்பர் ஒருவர் கஸ்ஸாலி பக்கம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தேக்காவில் தேநீர் குடிக்கும்போது அவருக்கும் எனக்கும் இது இன்னும் தீர்ந்தபாடில்லை.

சயின்ஸால விளக்க முடியாத இடத்துல கடவுள் இருக்காருன்னு சொன்னா என்ன தப்பு?

ஆழம் தெரியாமல் காலை விட்டவர் நியூட்டனே. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், இறைவன் அவ்வப்போது சரிசெய்வார் என்று அவர் எண்ணினார். அப்படியானால் உங்கள் கடவுள் செய்த கடிகாரத்துக்கு அடிக்கடி சாவி கொடுக்க வேண்டுமா என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1715இல் கிண்டல் செய்தார். பிறகு 1785 வாக்கில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: வியாழனும் சனியும் தடம் மாறுவதுபோலத் தோன்றுவது சுமார் 900 ஆண்டுக்கு ஒருமுறை தானே திரும்பி வருகிற ஓர் அசைவு. யாரும் வந்து திருத்த வேண்டியதில்லை. கடவுளுக்கென்று ஒதுக்கிய வேலை ஒரே கணக்கில் காலியானது.

ஓட்டை அடைக்க வைத்த கடவுளுக்கு ஓட்டை அடைபடும்போது இடம் போய்விடும். பக்தர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றுதான்: தெரியாத இடத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அவனன்றி ஓரணுவும் அசையாது என்பது எல்லா அணுவையும் பற்றிய கூற்று. விளக்கம் கிடைத்த அணுவும் அதில் சேர்த்திதான்.

பெருவெடிப்புதானே படைப்பு? நம்ம புராணத்துலயே 432 கோடி வருஷம்னு இருக்கே?

பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, கைதட்ட வேண்டிய லெமெத்ர் சங்கடப்பட்டார். நாளைக்குக் கோட்பாடு மாறினால் வேதத்தையும் மாற்றுவீர்களா என்பதுதான் அந்தச் சங்கடத்தின் சாரம். பாதிரியாருக்கே அந்த நிதானம் இருந்திருக்கிறது.

பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி, பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி. ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது, இன்னொன்றுக்கு வரவில்லை. பக்கத்தில் வருவதை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கோடிக்கணக்கில் காலத்தை யோசித்த முன்னோரின் கற்பனை பெரிது, அதை மறுக்கவில்லை. அளந்து சொன்னார்கள் என்பது மட்டும் கொஞ்சம் அதிகம்.

சுவிட்சர்லாந்துல செர்ன் வாசல்ல நடராஜர் நிக்கிறாரே! விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்கதானே? கடவுள் துகளும் அங்கதானே கண்டுபிடிச்சாங்க?

செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் சிலை இருப்பது உண்மை. சுமார் இரண்டு மீட்டர் உயரம். செர்னோடு நீண்ட காலம் ஒத்துழைத்த இந்தியா 2004இல் அன்பளிப்பாகக் கொடுத்தது. அழகான அன்பளிப்பு, ஆனால் ஆய்வு முடிவு இல்லை. "கடவுள் துகள்" என்பது லியோன் லெடர்மன் என்ற இயற்பியலாளரின் புத்தகத் தலைப்பிலிருந்து பரவிய பட்டப்பெயர். 2012 ஜூலையில் அறிவித்தது ஹிக்ஸ் துகளை, அப்படியொரு துகள் இருக்கும் என்று முன்பே கணித்த பீட்டர் ஹிக்ஸுக்கே அந்தப் பட்டப்பெயர் பிடித்ததில்லை. இந்த இரண்டையும் பிள்ளைகள் கட்டுரையில் எழுதினால் நான் சிவப்பு மையில் கோடு போடுவேன்.

குவாண்டத்துல எதுவும் நிச்சயம் இல்லைங்கிறாங்க. அப்போ அங்கதான் கடவுள் முடிவு பண்றாரா?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நிதானமாகப் போவோம். குவாண்டம் என்றால் அணு அளவில் நடப்பதைச் சொல்லும் இயற்பியல். உங்கள் உடம்பில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. இதை நீங்கள் படிக்கிற ஒவ்வொரு நொடியும் உடம்புக்குள் அப்படி 4,000க்கு மேற்பட்ட அணுக்கரு சிதைகிறது. மொத்தத்தில் எத்தனை சிதையும் என்று கணக்கு அச்சாகச் சொல்லும்: அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டு. ஆனால் ஏன் இந்த அணுக்கரு, ஏன் இந்த நொடி என்று கேட்டால் இயற்பியலிடம் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொன்று, எல்லா வகையிலும் இதே மாதிரியானது, பூமி பிறந்த காலத்திலிருந்து சும்மா இருக்கிறது. விடை உள்ளேயே ஒளிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லலாம் என்றால், 1964இல் ஜான் பெல் என்ற இயற்பியலாளர் அதைச் சோதிக்க வழி காட்டினார். சோதித்துப் பார்த்த ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு. அந்தச் சமாதானத்தின் எளிய வடிவம் செல்லாது என்பதே முடிவு.

அப்போது அந்த இடத்தில் இறைவன் தீர்மானிக்கிறார், எந்த விதியும் உடையவில்லை, யார் கண்ணிலும் படவில்லை! 1958இல் வில்லியம் பொல்லார்ட் என்ற அமெரிக்கர் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். இயற்பியலாளர், பிற்பாடு பாதிரியாரும் ஆனவர். கேட்கும்போது பிரமாதமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிதைவுகளின் கணக்கு எப்போதும் நிகழ்தகவுப்படியே வருகிறது. அந்தக் கணக்கு ஒரு சிறிதும் கெடாமல் இறைவன் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவருக்கு இருக்கிற சுதந்திரம் மிகக் குறைவு. கணக்கை ஒரு பக்கம் சாய்க்கிறார் என்றால், நுட்பமான கருவி அதைப் பிடித்துவிட வேண்டும், இதுவரை பிடிக்கவில்லை. அதோடு குவாண்டத்தில் தற்செயலே இல்லை என்று சொல்லும் விளக்கங்களும் உண்டு. 1952இல் டேவிட் போம் சொன்னது ஒன்று, 1957இல் எவரெட் சொன்னது இன்னொன்று. நாளைக்கு அதில் ஒன்று வென்றால் பொல்லார்டின் கடவுளுக்கு வீடு கிடையாது.

என்னைக் கேட்டால் இது நியூட்டனின் ஓட்டைதான், கொஞ்சம் நவீனமான ஓட்டை. அடைபடாமலே போகலாம் என்பது உண்மை. இருந்தாலும் ஐந்தொழில் புரிபவனை அணுக்கருவின் தற்செயலுக்குள் குடிவைப்பது அவனைச் சிறிதாக்குவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, குவாண்டம் வேண்டாம். வண்ணத்துப்பூச்சி விளைவு? தைப்பூசத்தன்னிக்கு மழை பெய்யக்கூடாதுன்னு வேண்டினா, ஒரு சின்னக் காத்தைத் தட்டிவிட்டாப் போதுமே?

காவடி எடுப்பவர் கேட்டது. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் நடப்பவருக்கு இது முக்கியமான கேள்விதான். 1961இல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் தன் கணினியில் வானிலைக் கணக்கு ஒன்றைத் திரும்ப ஓட்டினார். 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், முதலில் ஒத்துப்போன வானிலை போகப் போக முற்றிலும் வேறாகிவிட்டிருந்தது. தொடக்கத்தில் இம்மியளவு மாற்றம் பின்னால் இப்படிப் பெரிதாவதுதான் வண்ணத்துப்பூச்சி விளைவு. ஜான் போல்கிங்ஹார்ன் என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் பேராசிரியர் வேலையை விட்டு ஆங்கிலிக்கன் குருவானவர். இறைவன் இயற்கையோடு உறவாட இந்த நெகிழ்வு இடம் தரலாம் என்றவர் அவர்.

ஆனால் லோரென்ஸின் சமன்பாடுகளில் தற்செயலே கிடையாது. அதே எண்ணைப் போட்டால் அதே விடை. நம்மால் கணிக்க முடியாது, அவ்வளவுதான். இயற்கை திறந்து கிடக்கிறது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. சின்னக் காற்றானாலும் தட்டுவது தட்டுவதுதான். குயவனின் கை திரும்ப வந்துவிட்டது பாருங்கள்.

அந்தக் கை தட்டினா ஆற்றல் அழியா விதி உடைஞ்சிடாதா?

உடையாது, ஆச்சரியமாக. அந்த விதி நிபந்தனையோடு வருவது: வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராத மூடிய அமைப்பில் மொத்த ஆற்றல் மாறாது. வெளியிலிருந்து ஒருவர் கைவைத்தால் அது மூடிய அமைப்பு இல்லை, விதி அங்கே பேசவே வரவில்லை. 1918இல் எம்மி நோதர் என்ற கணித அறிஞர் இந்த விதியின் வேரையே காட்டினார். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருப்பதிலிருந்து வருவது அது. விரிகிற பிரபஞ்சம் முழுமைக்கும் அப்படியொரு மொத்தக் கணக்கு எழுதப் பொதுச் சார்பியலில் வழக்கமான வழியே இல்லை.

எனவே ஆற்றல் விதியைக் காட்டிக் கடவுளை வெளியேற்ற முடியாது. ஆனால் விதி தடுக்கவில்லை என்பதற்கும் அப்படி நடக்கிறது என்பதற்கும் இடையில் ரொம்ப தூரம்.

சனிப்பெயர்ச்சிக்கும் ஈர்ப்பு விசைக்கும் சம்பந்தம் இருக்குங்கிறாங்களே?

நடைமேடையில் உங்கள் முன்னால் வந்து நிற்கும் எம்ஆர்டி ரயில் உங்களை இழுக்கும் விசை, சனி இழுப்பதைவிட அதிகம். பரிகாரம் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம், நியூட்டனை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

டோட்டோவுக்கு வேண்டிக்கலாமா?

டோட்டோ லாட்டரியில் 49 எண்ணில் 6 சரியாக வர வேண்டும். ஒரு சீட்டுக்கு முதல் பரிசு வாய்ப்பு 1,39,83,816இல் ஒன்று. அதே குலுக்கலுக்கு இன்னும் எத்தனையோ பேர் வேண்டியிருக்கிறார்கள். உங்கள் வேண்டுதல் பலித்தால் அவர்களுடையது பலிக்கவில்லை. மேலே போக வேண்டாம்.

பூக்குழி இறங்குறாங்களே, கால் வேகலையே! அது அற்புதம் இல்லையா?

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதியைப் பார்த்துவிட்டு ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். மரக்கரி சிவந்து கனன்றாலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படிந்த சாம்பல் இன்னும் மோசமான கடத்தி. ஒவ்வோர் அடியும் தணலில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. அதே சூட்டில் ஓர் இரும்புத் தகட்டைப் போட்டு நடக்கச் சொன்னால் யாரும் நடக்க மாட்டார்கள், நடந்தால் வெந்துவிடும். விரதம் இருந்தும் நின்று தயங்கியவருக்குக் கொப்புளம் வருவதுண்டு, நம்பிக்கையே இல்லாமல் விறுவிறுவென்று நடந்தவர் தப்புவதும் உண்டு.

இதைச் சொன்னதும் ஓர் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அண்ணன் பல ஆண்டுகளாக இறங்குபவர். பிறகு அவரே அண்ணனிடம் கேட்டிருக்கிறார். "கரி சுடாதுன்னு தெரிஞ்சா குழிக்கு முன்னாடி பயம் போயிடுமா? வந்து நின்னு பாருங்க" என்றாராம். அவர் சொன்னது சரி. பாதம் ஏன் வேகவில்லை என்பதற்கு இயற்பியல் போதும். அந்த மனிதர் விரதம் இருந்து, குடும்பத்துக்காக நேர்ந்துகொண்டு, பயத்தோடு அந்த விளிம்பில் நின்று, பிறகு ஏன் காலை எடுத்து வைக்கிறார் என்பதற்கு வெப்பக் கடத்தல் பதில் சொல்லாது. அருள் வேலை செய்கிறது என்றால் நான் தேடுவது அந்த இடத்தில், பாதத்தில் இல்லை.

1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடித்ததையும் இதோடு சேர்த்தே கேட்பார்கள். டெல்லியில் தொடங்கி லண்டன் வரை பரவியது. நிறம் கலந்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள், பால் சிலையின் மேலே மெல்லிய படலமாக வழிந்தது தெரிந்தது. மேற்பரப்பு இழுவிசை கரண்டியிலிருந்து பாலை இழுக்கிறது, மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

வேண்டுதல் பலிக்குதான்னு யாராவது சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேர். முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்காக வேண்டினார்கள். வேண்டுதல் கிடைத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்குச் சிக்கல், கிடைக்காதவர்களில் 51. இரண்டு குழுவுக்கும் தாங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாது. தமக்காக வேண்டுகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த மூன்றாவது குழுவில் 59! பெயர் சொல்லி வேண்டும் அளவுக்கு என் நிலைமை மோசமா என்ற பதற்றம்தான் காரணமோ என்று ஆய்வாளர்களே ஐயப்பட்டார்கள்.

பக்தர்கள் இறைவனைச் சோதிக்க முடியாது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முடிவு 40க்கு 51 என்று வந்திருந்தால் நாம் அப்படிச் சொல்லியிருப்போமா? கோயில் வாசலில் பேனர் கட்டியிருப்போம்.

எல்லாம் அவன் செயல்னா, எங்கம்மாவோட புற்றுநோயும் அவன் செயலா?

குவாண்டம் பதிலில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். கதிர்வீச்சு ஒரு டிஎன்ஏ இழையை எங்கே அறுக்கும் என்பதிலும் அந்தத் தற்செயல் உண்டு. ஒவ்வொரு சிதைவையும் இறைவனே தேர்ந்தெடுக்கிறார் என்றால் அந்த அறுப்பையும் அவரே தேர்ந்தெடுத்தார். பொல்லார்டின் வழியில் போனால் இதிலிருந்து தப்ப முடியாது. நான் அந்த வழியில் போகாததற்கு இதுவும் ஒரு காரணம், ஒருவேளை முதல் காரணம்.

முதல் கேள்வியில் சொன்ன வழியில் போனால், செல் பிரிவதும் பிரதி எடுக்கும்போது பிழை விழுவதும் இயற்கையின் சொந்த வேலை. அந்த இயற்கை நிலைத்திருப்பது இறைவனால். பிழையே விழாத இயற்கையில் பரிணாமம் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம். இது அறிவுக்குப் பதில். சித்தாந்தத்தில் வினை என்ற பதிலும் உண்டு, நான் அதை வகுப்பில் பாடமாகச் சொல்வேன். வார்டில் உட்கார்ந்திருக்கிற மகளிடம் சொல்ல மாட்டேன். அவரிடம் நான் சொன்னது, தெரியவில்லை அம்மா, சாப்பிட்டீர்களா என்பதுதான்.

எந்தச் சோதனையிலும் சிக்காத கடவுளுக்கும் இல்லாத கடவுளுக்கும் என்ன வித்தியாசம் சார்?

தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன் கேட்டது. மேலே எழுதியதை எல்லாம் படித்துவிட்டுக் கேட்டான் என்பதால் தப்பிக்க வழியில்லை. இயற்பியலுக்குள் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஓட்டையில் வைக்காதே, அற்புதத்தைச் சான்றாகக் காட்டாதே, அணுவைத் தட்டாதே என்று ஒவ்வொன்றாக நானே கதவை மூடிக்கொண்டு வந்தேன். அதற்கு விலை உண்டு. இறைவனுக்குக் கருவிகளில் சான்று கேட்கும் உரிமையை இழக்கிறேன். அந்த விலையைக் கொடுக்க எனக்குச் சம்மதம்.

நான் நம்புவதற்குக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம், ஏதோ இருக்கிறது. அந்த ஏதோ, நாம் எழுதும் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது. அப்புறம் தேவாரம் பாடும்போது எனக்குள் நடப்பது. முதல் இரண்டையும் தம்பி ஒப்புக்கொண்டான், ஆனால் அதற்குக் கடவுள் தேவையில்லை, அது அப்படித்தான் என்று நிறுத்திக்கொள்ளலாம் என்றான். நிறுத்திக்கொள்ளலாம்தான். மூன்றாவது என் அனுபவம், அவனுக்குச் சான்றாகாது.

அவன் விடவில்லை. "அப்போ நீங்க ஏன் சார் இன்னும் பரீட்சைக்கு முன்னாடி எங்களுக்காக அர்ச்சனை பண்றீங்க? உங்க கணக்குப்படி எதுவும் மாறாதே?" என்றான். என் மீது அக்கறை உள்ளவர்களுக்காக நானும் அக்கறைப்படுவதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி அது என்றேன். அது கடவுள் செயலைப் பற்றிய பதில் இல்லை, உங்களைப் பற்றிய பதில் என்றான். உண்மைதான். இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. யாரிடமாவது இருந்தால் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வகுப்பு, வந்து சொல்லுங்கள். அவனும் வருவான்.